பொது அறிவிப்புகளுக்கு ஒரு தெளிவான தமிழ் எழுத்துரு: தமிழ் வளர்ச்சித் துறைக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இயக்குநர் பெருமக்களுக்கு,

வணக்கம்.

அரசு மக்களோடு தமிழில்தான் பேச வேண்டும் என்பதற்கு 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இருக்கிறது. கடைப் பெயர்ப் பலகையில் தமிழுக்கு 5 பங்கு, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்று இடம் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். எந்தச் சொல்லை ஆள வேண்டும் என்று சொல்லக் கலைச்சொல் அகராதிகள் இருக்கின்றன. ஆனால் அந்தத் தமிழ் எந்த எழுத்துருவில், என்ன அகலத்தில், எவ்வளவு வரி இடைவெளியில் நின்றால் மருத்துவமனை வரிசையில் நிற்கும் ஒரு மூதாட்டி யாரையும் கேட்காமல் படித்துக்கொள்வார் என்ற கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு, கடைசியில், கணினியில் பக்கம் அமைத்துத் தரும் என்னைப் போன்ற டிடிபி கடைக்காரனின் மேசைக்கு வந்து சேர்கிறது. அது என் மேசையில் தீர வேண்டிய கேள்வி அன்று. அதை உங்களிடம் ஒப்படைக்கவே இந்த மடல்.

சிறு நகரம் ஒன்றில் அச்சகம் நடத்துகிறேன். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் தொழிலுக்கு வந்தவன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ் ஆகியவற்றோடு பள்ளி, ஊராட்சி, மருத்துவமனை, கூட்டுறவுச் சங்கம் முதலியவற்றின் அறிவிப்புகளும் எங்களிடம் வரும். வேலை கொண்டுவருபவர் ஒரு தாளில் எழுதித் தருவார். "நாளைக் காலைக்குள் வேண்டும், ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும்" என்பார். எந்த எழுத்துரு என்று எந்த அலுவலகமும் என்னிடம் சொன்னதில்லை. கணினியில் இருக்கும் நூற்றுக்கணக்கான எழுத்துருக்களில் எது கைக்கு வருகிறதோ அதுவே அரசின் குரலாகிவிடுகிறது. தடுப்பூசி முகாம் அறிவிப்பு திருமண அழைப்பிதழின் வளைவு நெளிவோடும், வெள்ள எச்சரிக்கை சினிமா விளம்பரத்தின் தடித்த எழுத்தோடும் சுவரேறுவது இப்படித்தான்.

ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனையிலிருந்துதான் பெரும்பாலான கேடுகள் தொடங்குகின்றன. தமிழ் இடம் கேட்கும் மொழி. 'கொ' என்று ஓர் ஓசையைக் காட்ட ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என்று மூன்று வடிவங்கள் வரிசையாக நிற்க வேண்டும். ணகரமும் ஞகரமும் ஆங்கில எழுத்து இரண்டின் அகலத்தை எடுத்துக்கொள்ளும். வேற்றுமை உருபுகளும் விகுதிகளும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் 'மாற்றுத்திறனாளிகளுக்கான' என்ற ஒரு சொல்லே பேருந்து இருக்கையின் மேலுள்ள சிறு தகட்டை நிரப்பிவிடும். திருச்சிராப்பள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூர், திருக்கழுக்குன்றம் போன்ற பெயர்களைப் பேருந்தின் நெற்றிப் பலகையில் எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்த நெருக்கடி தெரியும்.

இடம் போதாதபோது டிடிபி செய்பவர் என்ன செய்கிறார்? எழுத்தை நெருக்குகிறார். பக்கம் வடிவமைக்கும் கோரல் டிரா மென்பொருளில் எழுத்தின் பக்கவாட்டைப் பிடித்து உள்ளே தள்ளினால் நூறு விழுக்காடு அகலம் எழுபதாகிவிடும்; வரி அடங்கிவிடும். ஆனால் அப்படித் தள்ளும்போது நிமிர்ந்து நிற்கும் கோடுகள் மட்டும் மெலிகின்றன, படுத்திருக்கும் கோடுகள் பழைய தடிமனிலேயே நிற்கின்றன. துணைக்கால் குச்சியாகிறது. சுழிகள் நசுங்கி மூடிக்கொள்கின்றன. வட்டமாக இருந்த புள்ளி நீள்வட்டமாகிப் பக்கத்து எழுத்தின் மேல்விலங்கோடு ('கி'யில் உள்ள வளைவு) ஒட்டுகிறது. அடுத்து வரி இடைவெளியைக் குறைக்கிறார்கள். மேல் வரியில் உள்ள 'பு', 'யு' ஆகியவற்றின் கால்களும் ர, ற, ழ ஆகியவற்றின் வால்களும் கீழ் வரியின் புள்ளிகளில் போய் இடிக்கின்றன. அந்தத் தாள் ஜெராக்ஸ் எடுக்கப்பட்டு, அந்த ஜெராக்ஸ் மீண்டும் ஜெராக்ஸ் எடுக்கப்பட்டு, கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பப்படும்போது, படிப்பவருக்குக் கிடைப்பது எழுத்தின் நிழல் மட்டுமே.

குறுகிய எழுத்து வேறு, குறுக்கப்பட்ட எழுத்து வேறு. குறுகிய எழுத்தை வரைபவர், அகலத்தைக் குறைக்கும்போதே நிமிர்ந்த கோட்டின் தடிமனைக் காப்பாற்றுவார். ணகரத்தின் மூன்று சுழிக்கும் தனித்தனியே உள்வெளி இருக்குமாறு கோட்டை நகர்த்துவார். கொம்புக்கும் எழுத்துக்கும் இடையிலான வெளியைத் திரும்பக் கணக்கிடுவார். ஒவ்வொரு எழுத்துக்கும் செய்ய வேண்டிய கைவேலை அது. இதைச் செய்து முடித்த எழுத்துரு ஒன்று எல்லா அலுவலகக் கணினியிலும் இருந்தால், எழுத்தை நெருக்கும் தேவையே எங்களுக்கு எழாது.

நான் கேட்கும் எழுத்துருவின் குணங்களைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்தில் முனைக்கட்டு, அதாவது கோட்டின் முனையில் போடும் சிறு குறுக்குக்கோடு, இல்லாத வகையைச் சான்ஸ் செரிஃப் என்கிறார்கள். நம் எழுத்துக்கு அந்த இலக்கணத்தை அப்படியே மாட்ட முடியாது. தமிழில் அதற்கு இணையாக நான் கருதுவது, கோட்டின் தடிமன் எங்கும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதும், முனைகளில் அலங்காரம் இல்லாதிருப்பதும், சுழிகள் திறந்து கிடப்பதும்தான். புள்ளி உள்ளே நிரம்பியதாக, கோட்டின் தடிமனைவிடச் சற்றே பெரிதாக, எழுத்திலிருந்து விலகி நிற்க வேண்டும். வளையமாகப் போடும் புள்ளி அழைப்பிதழில் அழகு. சிறு அளவில் அது முதலில் காணாமல் போகும். எண்களில் 3, 6, 9 ஆகியவற்றின் வாய் திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் மருந்துச் சீட்டிலும் பேருந்து நேரப் பட்டியலிலும் எழுத்தைவிட எண்ணே முக்கியம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த எழுத்து எந்தப் பக்கமும் சாயக் கூடாது. இறப்புச் சான்றிதழுக்கும் பள்ளிச் சேர்க்கை அறிவிப்புக்கும் ஒரே முகத்தோடு நிற்கக் கூடிய எழுத்தாக அது இருக்க வேண்டும்.

எந்தெந்த எழுத்துகள் ஒன்றையொன்று விழுங்குகின்றன என்பது அச்சகத்தில் மெய்ப்பு பார்த்த யாருக்கும் தெரியும். எ, ஏ இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கோடுதான் வேறுபாடு. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் ஒரு சுழி. அது மூடினால் 'மேல்' என்பது 'மெல்' ஆகும், 'கோடு' என்பது 'கொடு' ஆகும். 'மி', 'மீ' இரண்டையும் பிரிப்பதும் நுனியில் உள்ள ஒரு சுழிப்பு மட்டுமே. மூன்று சுழி ணகரம் நசுங்கினால் இரண்டு சுழி னகரமாகத் தெரியும். 'சாலையில் பணி' என்பதும் 'சாலையில் பனி' என்பதும் வாகன ஓட்டிக்கு இரு வேறு எச்சரிக்கைகள். ரகரமும் துணைக்காலும் பல எழுத்துருக்களில் ஏறக்குறைய ஒரே வடிவம். அதனால்தான் பலர் 'ரி' என்று தட்ட வேண்டிய இடத்தில் துணைக்காலைத் தட்டி அதன்மேல் விலங்கு போட்டுவிடுகிறார்கள். திரையில் பிழை தெரியாது. தேடும்போது அந்தச் சொல் அகப்படாது, பார்வையற்றவருக்குப் படித்துக் காட்டும் மென்பொருளும் அங்கே தடுமாறும். ரகரத்தின் வாலைத் தெளிவாக இறக்கி வரைந்துவிட்டால் தட்டும்போதே தவறு கண்ணில் படும்.

நன்கு படித்தவர் இவை எதையும் பொருட்படுத்தாமல் படித்துவிடுவார். வரியைச் சூழலை வைத்து ஊகித்துக்கொள்வார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர், கண்புரை உள்ளவர், வேறு மாநிலத்திலிருந்து வந்து தமிழ் கற்றுக்கொண்டிருப்பவர் ஆகியோர் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். எழுத்தின் தெளிவு அவர்களுக்காகத்தான் வேண்டியிருக்கிறது. அரசு அறிவிப்பை அதிகம் நம்பியிருப்பவர்களும் அவர்களே.

படிப்பவரின் வசதிக்காகத் தமிழ் எழுத்தில் கை வைப்பது மரபுக்குப் புறம்பானது என்று யாரேனும் சொன்னால், நம் அச்சு வரலாற்றை அவர்கள் ஒரு முறை புரட்ட வேண்டும். தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713-இல் வந்து சேர்ந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் தாள் கட்டுப்படியாகாது என்று கண்ட சமயப் பணியாளர் சீகன்பால்குவும் உடனிருந்தோரும் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1714-இல் அச்சேறத் தொடங்கி 1715-இல் முடிந்த அந்த நூல் இப்படித்தான் சாத்தியமானது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரையில் நடந்த இந்தச் சிறு வேலையைத்தான் சிக்கனமான எழுத்துருவின் தொடக்கம் என்று நான் மதிக்கிறேன். குறில் எகர ஒகரங்களையும் நெடில் ஏகார ஓகாரங்களையும் பிரித்துக் காட்டும் இன்றைய வழக்கை வீரமாமுனிவரோடு சேர்த்துச் சொல்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹன்ட் உருவாக்கிய சிறிய, கூர்மையான எழுத்துகளில்தான் 1862-இல் வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கிலப் பேரகராதி வெளிவந்தது. பெரியார் 1935-இல் தம் இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தாமே நடைமுறைப்படுத்தினார், 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு அதை ஏற்று ஆணையிட்டது. துதிக்கை போல் சுருண்ட பழைய 'லை', 'னை' போய் இன்றைய வடிவங்கள் வந்தன. அச்சுக் கோப்பவனுக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் சுமை குறைந்தது. ஒரு அரசாணை எழுத்தின் முகத்தை எவ்வளவு தொலைவு மாற்ற முடியும் என்பதை அந்த ஆண்டில் கண்டோம்.

வெளிநாட்டு அனுபவங்களில் இரண்டு மட்டும் சொல்கிறேன். பிரிட்டனில் நெடுஞ்சாலைகள் வந்தபோது பலகைகளுக்கு எழுத்து வரையும் பணி ஜாக் கின்னியர், மார்கரெட் கால்வர்ட் ஆகிய இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1958-இல் பிரெஸ்டன் புறவழிச்சாலையில் அது முதலில் நின்றது. எந்த எழுத்து சிறந்தது என்ற சண்டை பத்திரிகைகளில் எழுந்தபோது, ஒரு விமானத் தளத்தில் ஆட்களை உட்காரவைத்து, பலகையை ஏற்றிய காரை அவர்களை நோக்கி ஓட்டி, எவ்வளவு தொலைவில் படிக்க முடிகிறது என்று அளந்தார்கள். அமெரிக்காவில் தொலைபேசிப் புத்தகத்துக்காக மாத்யூ கார்ட்டர் 1978-இல் வரைந்த பெல் சென்டென்னியல் என்ற எழுத்து இன்னும் எனக்குப் பிடித்தது. மலிவான தாளில், மிகச் சிறிய அளவில், வேகமாக ஓடும் எந்திரத்தில் மை பரவும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, கோடுகள் சந்திக்கும் மூலைகளில் சிறு வெட்டுகளை விட்டார் அவர். மை வந்து அந்த வெட்டை நிரப்பும்போது எழுத்து சரியான வடிவம் பெறும். தாள் எப்படிப்பட்டது, மை எப்படிப்பட்டது, படிப்பவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துகொண்டு வரைவது என்றால் இதுதான். நம் ணகரத்தின் சுழிகளுக்கு இப்படி ஒரு வெட்டு கிடைத்தால் ஜெராக்ஸ் தாளிலும் அவை பிழைக்கும்.

புதிய எழுத்துரு ஒன்றை அடியிலிருந்து வரையச் சொல்லிப் போட்டி அறிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். போட்டி, பரிசு, வெளியீட்டு விழா என்று அது முடிந்துவிடும். திறந்த உரிமத்தில் நல்ல தமிழ் எழுத்துருக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கேட்டமரன், அனேக் தமிழ் எல்லாவற்றையும் யாரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம். உரிமத்தின் விதிகளுக்கு உட்பட்டு வேறு பெயரில் திருத்தவும் செய்யலாம். இவற்றில் நோட்டோவும் அனேக்கும் அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடியவை. குறுகிய வடிவங்கள் முறையாக வரையப்பட்டவை. எங்கள் அச்சகத்தில் நெருக்கடியான பட்டியல்களுக்கு இவற்றைப் பயன்படுத்துகிறேன். நெருக்கிய எழுத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கு உடனே தெரியும். நம்மிடம் இல்லாதது முடிவும், அந்த முடிவுக்கு ஆதாரமான சோதனையும்தான். இந்த எழுத்துருக்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தேவையான இடங்களில் திருத்துங்கள்.

சோதனையைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். வல்லுநர் குழு குளிரூட்டிய அறையில் பெரிய திரையில் பார்த்து எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் எல்லா எழுத்துருவும் நன்றாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. டோனர் தீரும் நிலையில் உள்ள லேசர் பிரிண்டரில் அச்சிட்டுப் பாருங்கள். அதை மூன்று தலைமுறை ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். நடத்துநரின் கருவியிலிருந்து வரும் வெப்ப அச்சுத் தாளில், சட்டைப் பையில் இரண்டு நாள் கிடந்த பிறகு பாருங்கள். மழை பெய்யும் இரவில் பேருந்து நிலையத்தில், எதிரே வரும் பேருந்தின் பலகையில் பாருங்கள். விலை குறைந்த கைப்பேசியின் கீறல் விழுந்த திரையில் பாருங்கள். 2018-இன் கஜா புயலின்போதும் 2023-இன் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனை பேருக்கு அறிவிப்பு கைப்பேசியில் ஒரு படமாகத்தான் வந்து சேர்ந்தது என்பதை நாம் எல்லோரும் கண்டோம். படிப்பவர்களாக முதியோரையும், நூறு நாள் வேலைக்கு வருபவர்களையும், கண் மருத்துவமனைக்கு வருபவர்களையும் அழையுங்கள். ஊகிக்க முடியாத சொற்களை, குறிப்பாகக் கேள்விப்படாத ஊர்ப் பெயர்களைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எந்த எழுத்தில் தடுக்கி நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பைப் பொதுவில் வெளியிடுங்கள். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகிய நாடுகளில் தமிழ்ப் பலகை எழுதுபவர்களுக்கும் அது பயன்படும்.

தேர்வு செய்த பின் அது எல்லோர் கைக்கும் சேர வேண்டும். 2010-இல், கணினியில் தமிழ் எழுத்தைப் பதியும் முறைகளான ஒருங்குறியையும் (யூனிகோடு) டேஸ் 16 குறியாக்கத்தையும் அரசு ஏற்றுக்கொண்ட பிறகும், பழைய குறியாக்க எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இன்றும் என் கடைக்கு வருகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் தெரியும். ஆணை மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். தேர்ந்த எழுத்துரு அரசுக் கணினிகளில் நிறுவப்பட்டே வர வேண்டும். அறிவிப்பு, பட்டியல், பெயர்ப் பலகை, சான்றிதழ் ஆகியவற்றுக்கு ஆயத்த மாதிரிக் கோப்புகள் வேண்டும். எந்தப் பலகைக்கு எத்தனை அங்குல எழுத்து, வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஒரு பக்க அட்டவணை, ஃபிளெக்ஸ் அடிப்பவரும் ஸ்டிக்கர் வெட்டுபவரும் சுவரில் ஒட்டிக்கொள்ளும்படி வேண்டும். அரசு வேலைக்கான ஒப்பந்தப் படிவத்தில் "எழுத்தின் அகலத்தை நெருக்கக் கூடாது, தேவைப்பட்டால் குறுகிய வடிவத்தைப் பயன்படுத்த வேண்டும்" என்று ஒரு வரி சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

ஊரெங்கும் ஒரே எழுத்து நின்றால் தமிழின் எழில் குன்றிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். சுவரில் கட்சிப் பெயர் எழுதும் ஓவியர்களின் கைத்திறனைப் பார்த்து நின்றவன் நான். பஞ்சு போல் திரண்ட அந்த எழுத்துகளும், அவற்றுக்குப் போடும் நிழலும், ஃபிளெக்ஸ் வந்த பிறகு நாம் இழந்துகொண்டிருக்கும் செல்வம். அந்தக் கலைக்கும் நான் கேட்பதற்கும் பகை இல்லை. கடையும் கட்சியும் திரைப்படமும் தங்கள் எழுத்தைத் தாங்களே தேர்ந்துகொள்ளட்டும். நான் கேட்பது அரசின் அறிவிப்புக்கு மட்டும். மருந்து உணவுக்கு முன்னா பின்னா, பேருந்து எத்தனை மணிக்கு, எந்த வாயில் வழியே போக வேண்டும், எந்தத் தேதிக்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்ற செய்திகள் ஒரே பார்வையில் போய்ச் சேர வேண்டும்.

முதல் கட்டமாக, ஒரே ஒரு மாவட்டத்தில், மருத்துவமனைகளிலும் பேருந்து நிலையங்களிலும் மட்டும் இதைச் செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சோதனைக்கான மாதிரித் தாள்களை எத்தனை எழுத்துருவில், எத்தனை அளவில் வேண்டுமானாலும் என் அச்சகத்தில் கட்டணமின்றி அச்சிட்டுத் தரத் தயாராக இருக்கிறேன். எங்கள் பகுதியில் டிடிபி செய்யும் நண்பர்கள் சிலரும் இதற்கு இசைந்திருக்கிறார்கள். பழைய லேசர் பிரிண்டரும், தேய்ந்த ஜெராக்ஸ் எந்திரமும் எங்களிடமே இருக்கின்றன.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஓர் அச்சகத் தொழிலாளி